புயலை எடுத்துவிடுங்கள்

ரைலி நீமிக்குத் தெரியாத ஒரு விஷயம் ஒரு வாரமாக அந்த வீட்டில் மற்ற இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

பத்தொன்பது வருடமாகக் கனடாவின் தண்டர் பே நாளிதழில் வாரம் ஒரு முறை பத்தி எழுதி, கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கு யோசனை சொல்லி வருகிறவள் ரைலி. பதினான்கு மாதங்களுக்கு முன் ‘டி. சாலோ’ என்ற பெயரில் ஒருவர் தன் நாவலின் முதல் முப்பது பக்கங்களை அவளுக்கு அனுப்பினார். முகவரி இல்லை, தபால் பெட்டி எண் மட்டும். அவளும் பதில் எழுதினாள். அப்படியே ஏழு கடிதங்கள் போய், ஏழு வந்தன. நூலகத்தில் தான் நடத்தும் எழுத்து வகுப்பில் உட்காருகிற எவரையும்விட இந்த முகம் தெரியாத சாலோதான் நன்றாக எழுதுகிறார் என்று அவள் நினைத்தாள். வெளியிலும் சொன்னாள்.

சாலோ வேறு யாருமில்லை. அவள் கணவன் ஆர்வோ. ஊரில் பாதி வீடுகளைச் சூடாக்கும் ஃபர்னஸ் அடுப்புகளைப் பழுது பார்க்கிறவன்.

போன வாரம் அப்பாவின் வேனை இரவல் வாங்கிய மகள் கைசா, இருக்கைக்கு அடியில் டொராண்டோ பதிப்பகம் ஒன்றின் உறையைக் கண்டாள். ஆர்வோ அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டான். “கொஞ்ச நாள் அம்மாகிட்ட சொல்லாம இருப்பியா?” கைசா தலையாட்டினாள்.

அந்தக் கொஞ்ச நாள் இந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு முடிந்தது.

முந்தின இரவு குளிர் மைனஸ் பதினெட்டுக்குப் போயிருந்தது. முதல் கடும் குளிரில்தான் ஃபர்னஸ்கள் மக்கர் பண்ணும். ஆறரை மணிக்கே ஆர்வோ கிளம்பிவிட்டான். ரைலி மதிய வகுப்புக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது ஹாலில் போன் அடித்தது.

“டொராண்டோலேர்ந்து பேசறேன். நோரீன் பார்கர்.” பெண்குரல் பதிப்பகத்தின் பெயரைச் சொன்னது.

ரைலி சுவரில் கை வைத்துக்கொண்டாள். மறுப்பு தபாலில் வரும், சம்மதம் போனில் வரும் என்று பத்தியில் எழுதியவளே அவள்தான். அவளுடைய முதல் நாவல் வெளிவந்து இருபத்தெட்டு வருடம் ஆகிவிட்டது. இரண்டாவதை இருபத்தைந்து வருடம் எழுதி, இதே பதிப்பகத்துக்கு அனுப்பினாள்; அது போன மார்ச்சில் திரும்பி வந்திருந்தது. ஒருவேளை வேறு யாராவது எடுத்துப் படித்திருப்பார்களோ?

“ஆர்வோ நீமி இருக்காரா?”

“யாரு?”

“ஆர்வோ நீமி. லெட்டர்ல ரெண்டு நம்பர் குடுத்திருக்கார். முதல் நம்பர்ல மூணு தடவை அடிச்சேன். எடுக்கல.”

“யார் வீட்டு பேஸ்மென்ட்லயாவது இருப்பார். அங்க சிக்னல் வராது,” என்றாள் ரைலி. வாய் பழக்கத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. “என்ன விஷயமா?”

“அவரோட நாவல் விஷயமா. நீங்க?”

“மனைவி.”

“ஓ, ரைலி. அப்ப முதல்ல படிச்சது நீங்கதான்.”

“ஆமா,” என்றாள் ரைலி.

நோரீன் பார்கர் சந்தோஷமாகப் பேசினாள். வசந்தகாலப் பட்டியலில் ஒரு நாவல் விலகிவிட்டது, அந்த இடத்தில் இதைப் போட நினைக்கிறார்கள், திங்கட்கிழமை நண்பகலுக்குள் அவர் சரி என்று சொல்ல வேண்டும். “அவர் முதல்ல அனுப்பின லெட்டர் அரைப் பக்கம்தான். ‘இது என் முதல் நாவல். நான் ஃபர்னஸ் ரிப்பேர் செய்கிறேன். படித்ததற்கு நன்றி.’ அவ்வளவுதான். எங்களுக்கு வர்ற லெட்டரெல்லாம் அப்படி இருந்தா எவ்வளவு நல்லாயிருக்கும்.”

அரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், கதையைப் புகழாதீர்கள், மனைவிக்குப் பிடித்தது என்று சொல்லாதீர்கள். மே மாதம் சாலோவுக்கு ரைலி எழுதிய ஐந்தாவது கடிதம் அது.

“பின்னட்டைக்கு ரெண்டு வரி நீங்களே எழுதித் தர முடியுமா? எங்களுக்கு அனுப்பின பதில்ல உங்களைப் பத்தியும் உங்க பத்தியைப் பத்தியும் சொல்லியிருக்கார்.”

“அவர்கிட்ட நம்பரைக் குடுக்கறேன்,” என்றாள் ரைலி. எண்ணை இரண்டு முறை சரிபார்த்துத் தாளில் எழுதிக்கொண்டாள். போனை வைத்தாள்.

---

கைசா சமையலறையில் ஏலக்காய் ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றுகொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. பொது மருத்துவமனையில் நர்ஸ். இன்று இரவு டியூட்டி, ஏழு மணிக்குப் போக வேண்டும். ஹாலில் நடந்த பேச்சில் பாதி அவள் காதில் விழுந்திருந்தது.

“உனக்கு எத்தனை நாளாத் தெரியும்?” என்று கேட்டாள் ரைலி.

“ஒரு வாரம்.”

“சாலோ யாருன்னும் தெரியுமா?”

“அதுவும்தான்.”

ரைலி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “போன வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாட்டுல, இந்த ஊர்ல எழுதத் தெரிஞ்ச ஒரே ஆள் சாலோன்னு சொன்னேன். உங்கப்பா உருளைக்கிழங்கு பாத்திரத்தை எனக்கு நகர்த்தினார்.”

“எனக்கும் ஞாபகம் இருக்கு.”

“படிச்சியா?”

“மூணு நாள் டியூட்டில படிச்சேன்.”

“எங்க இருக்கு?”

கைசா ரொட்டியைக் கீழே வைத்தாள். “சானால. விறகுப் பெட்டிக்குள்ள, அடியில.”

“விறகுப் பெட்டியிலயா?”

“நீ விறகு எடுக்க மாட்டன்னு அப்பாவுக்குத் தெரியும்.”

ரைலி எழுந்தாள்.

“அம்மா. அப்பா வர்ற வரைக்கும் இரேன்.”

“ஏன்?”

கைசா மேஜையில் சிந்திய துகள்களை விரலால் ஒன்று சேர்த்தாள். ரைலி கோட்டை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். ஆர்வோ அவற்றைப் பலசரக்குக் கடைப் பையில் சுற்றி, மேலே இரண்டு பிர்ச் மரக்கட்டைகள் வைத்திருந்தான். ரைலி அங்கேயே, அடுப்பு மூட்டாத அந்த நீராவிக் குளியல் அறையின் பெஞ்சில், கோட்டோடு உட்கார்ந்து படித்தாள்.

முதல் நூற்றைம்பது பக்கங்கள் அவளுக்குத் தெரிந்தவை. ஏரிக்கரையில் ஒரு கலங்கரை விளக்கம், அதன் காவலாளி, அவன் மனைவி ஹெல்மி, ஒரு பையன். ஹெல்மி தேவாலயத்தில் பாடுகிறவள். நல்ல குரல். ஒரு நவம்பரில், பெரிய ஊரில் பாடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் புருஷனையும் பிள்ளையையும் விட்டுப் போகிறாள். நான்கு மாதம்.

இருபத்தொரு வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், இரண்டாவது நாவலை எழுதி முடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு ரைலி வினிபெக் போனாள். அங்கே ஒரு மாடி அறை எடுத்துத் தங்கினாள். நான்கு மாதம். கைசாவுக்கு அப்போது எட்டு வயது, ஜனவரியில் ஒன்பது.

சாலோவின் பக்கங்களைப் படித்தபோது இது அவளுக்குத் தோன்றவே இல்லை. ஹெல்மி பாடுகிறவள், தான் எழுதுகிறவள். அது பையன், இது பெண். காலமும் வேறு. மற்றவர்கள் விஷயமாயிருந்தால் இதெல்லாம் மாறுவேஷம் என்று முதல் பக்கத்திலேயே சொல்லியிருப்பாள்.

நூற்று நாற்பதாம் பக்கத்தில் பையனின் பிறந்தநாள் வந்தது. அப்பா கேக் செய்கிறான். நடுவில் வேகவில்லை. பையன் போன் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறான். சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டு வரச் சொல்கிறான். ஒன்பது மணிக்கு அப்பா வந்து அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைக்கிறான். போன் அடிக்கவில்லை. அத்தியாயம் முடிந்தது.

முதல் வடிவத்தில் அங்கே ஒரு வரி இருந்தது: அன்று புயலில் போன் கம்பிகள் அறுந்துவிட்டன.

ரைலி அதற்கு எழுதிய பதில் அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருந்தது. ‘அன்புள்ள திரு. சாலோ, ஹெல்மியை நீங்கள் காப்பாற்றுகிறீர்கள். அவள் கூப்பிடவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே சாக்கும் தேடித் தருகிறீர்கள். அவள் மேல் உங்களுக்குப் பிரியம் இருப்பது வாசகருக்குத் தெரிகிறது. அது வேண்டாம். அவள் செய்ததை அவள் செய்யட்டும். புயலை எடுத்துவிடுங்கள்.’

அவர் எடுத்துவிட்டார்.

அத்தியாயம் நன்றாக இருந்தது. புயல் இல்லாமல் இன்னும் நன்றாக இருந்தது. கால் விறைத்துப் போனதை ரைலி அப்போதுதான் கவனித்தாள். வகுப்புக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

---

நூலகத்தின் பின்பக்க அறையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஒரு மணி வகுப்பு. எல்லாரும் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுக் காலுறையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

அன்றைய பாடம், பதிப்பகத்துக்கு அனுப்புவது எப்படி என்பது. ரைலி குறிப்பைப் பார்க்காமலேயே சொன்னாள். எடிட்டரின் பெயரில் எழுத்துப் பிழை வரக்கூடாது. கதைச்சுருக்கம் ஒரு பக்கம், முடிவையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அவர்களிடம் போய் சஸ்பென்ஸ் வைக்கக்கூடாது. மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். போன் செய்து நச்சரிக்கக்கூடாது. காத்திருக்கிற மூன்று மாதத்தில் அடுத்ததை ஆரம்பித்துவிட வேண்டும்.

“மூணு மாசத்துல பதில் வரலன்னா?” என்று கேட்டார் லெஸ், ஓய்வு பெற்ற ரயில் டிரைவர்.

“இன்னொரு மூணு மாசம்.”

“நான் போய்ச் சேர்ந்துடுவேனே.”

“அப்ப சுருக்கத்துலயே அதையும் எழுதிடுங்க. சீக்கிரம் படிப்பாங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஹெஸ்டர் கையைத் தூக்கினாள். பல் டாக்டரிடம் வேலை செய்கிறவள். இரண்டு வருடமாக ஒரே கதையை எழுதிக்கொண்டிருப்பவள்.

“என் நாத்தனார் கதையை எழுதறேன். அவளுக்குத் தெரிஞ்சா என்னைத் தொலைச்சுடுவா. எழுதலாமா, கூடாதா?”

இந்தக் கேள்வி வருடத்துக்கு இரண்டு முறையாவது வரும். பதிலும் தயாராக இருந்தது. பெயரை மாற்று, தலைமுடி நிறத்தை மாற்று, தொழிலை மாற்று, பிறகு என்ன வேண்டுமானாலும் எழுது. யாரும் தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள்.

இன்று ரைலி அதை விட்டுவிட்டாள்.

“அவளைப் பத்தி எழுதறது உண்மையா?” என்று கேட்டாள்.

“ஒவ்வொரு எழுத்தும்.”

“உன்னைப் பத்தி?”

ஹெஸ்டர் யோசித்தாள். “நான் கதையில அவ்வளவா வரல.”

“அங்க கொஞ்சம் பாரு,” என்றாள் ரைலி. கடிகாரத்தைப் பார்த்தாள்.

வகுப்பு கலையும்போது லெஸ் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே கேட்டார். “உங்க சாலோ என்ன ஆனார்? புத்தகம் ஏதாவது?”

“வருது போலிருக்கு.”

“நல்லது. யாராவது ஒருத்தராவது தேறட்டும்.”

---

மீதிப் பக்கங்களை அவள் நூலக வாசலில் காருக்குள்ளேயே, ஹீட்டரைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஒரு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது. ஒரு இடத்தில் சிரித்தாள்: காவலாளி பையனின் கால்சட்டையைத் தைக்கும்போது தன் கால்சட்டையோடு சேர்த்துத் தைத்துவிடுகிறான். அப்படி ஒன்று நடந்ததாக அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த நான்கு மாதத்தைப் பற்றி யாரும் எதுவுமே சொன்னதில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஹெல்மி திரும்பி வருகிறாள். அந்தப் பெரிய ஊரில் பாட்டுக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். போக இடமில்லை. வருகிறாள்.

ரைலி அந்தப் பக்கத்தை இரண்டாம் முறை படித்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

ஆறு மணிக்கு ஆர்வோ வந்தான். வெளியே நன்றாக இருட்டியிருந்தது. சமையலறை மேஜையில் முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கங்களும் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவன் அவற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தொட்டிக்குப் போய் கைக்கரியைக் கழுவ ஆரம்பித்தான். வழக்கத்தைவிட நேரம் பிடித்தது.

“டொராண்டோலேர்ந்து போன் வந்தது,” என்றாள் ரைலி. எண் எழுதிய தாளை மேஜையில் தள்ளினாள். “திங்கட்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள பதில் சொல்லணுமாம். சரின்னு சொன்னா வசந்தத்துல புத்தகம்.”

“வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“நான் அதைக் கேக்கல.”

“நீ கேக்க மாட்ட. அதனாலதான் நானே சொல்றேன்.” அவன் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். “அனுப்பும்போது எடுப்பாங்கன்னு நினைக்கல. பிடிச்சிருக்குன்னு லெட்டர் வந்தப்போ எப்படிச் சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரமா வேன்லயே உக்காந்து யோசிக்கறேன்.”

“எதுக்கு சாலோ?”

“என் பேர்ல குடுத்திருந்தா நீ என்ன சொல்லியிருப்ப?”

ரைலி யோசித்தாள். “நல்லாயிருக்குன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான். சாலோகிட்ட நீ நிஜத்தைச் சொன்ன. முப்பத்தஞ்சு வருஷத்துல நீ என்கிட்ட அவ்வளவு பேசினதே இல்ல, ரைலி. தபால் பெட்டியைத் திறக்க வாரத்துல நாலு தடவை போவேன். உன் ஆறாவது லெட்டர் நாலு பக்கம்.”

“அதுல உன்னைக் கிழிச்சிருந்தேன்.”

“நல்லாக் கிழிச்சிருந்த.”

அவன் முகத்தில் ஏதோ வந்து போனது. அது பெருமை என்று ரைலிக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

“ஊருக்குத் தெரிஞ்சிடும்,” என்றாள்.

“கலங்கரை விளக்கம்னுதானே எழுதியிருக்கேன்.”

“ஆர்வோ. அந்தக் குளிர்காலம் முழுக்க யார் யார் நம்ம வீட்டுக்கு சாப்பாடு கொண்டு வந்து வெச்சாங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். அவங்க எல்லாருக்கும் படிக்கத் தெரியும்.”

“அதனாலதான் வேண்டாம்னு சொல்றேன்.”

“இரு. நான் இன்னும் முடிக்கல.” அவள் கடைசி அத்தியாயத்தை மட்டும் உருவி அவன் முன் வைத்தாள். “நான் விட்டுட்டுப் போனது நிஜம். பிறந்தநாளுக்குக் கூப்பிடல, அதுவும் நிஜம். அன்னிக்கு எந்தப் புயலும் இல்ல. அறையில உக்காந்து ஒரு பக்கம் எழுதிட்டிருந்தேன், நல்லா வந்துட்டிருந்தது, மறந்துட்டேன். மறுநாள் ஞாபகம் வந்தது. வெக்கமா இருந்தது. அதனால மறுநாளும் கூப்பிடல. அதெல்லாம் அச்சுல வரட்டும். ஆனா இது பொய். போக இடமில்லாம நான் வரல. ஏப்ரல் வரைக்கும் அறை இருந்தது.”

“அப்ப எதுக்கு வந்த?”

“நீ கேட்டதே இல்லயே.”

“கேட்டா போயிடுவியோன்னு.”

மாடிப்படியில் சத்தம் கேட்டது. கைசா யூனிஃபார்மில் இறங்கி வந்தாள். தலையை இறுக்கக் கட்டியிருந்தாள். சமையலறை வாசலில் நின்றாள்.

“நான்தான் கூப்பிட்டேன், அப்பா.”

ஆர்வோ திரும்பினான்.

“அம்மா ஒரு போஸ்ட் கார்டு அனுப்பியிருந்தா, நம்பர் போட்டு. நீங்க அதை அலமாரிக் கதவுக்குப் பின்னாடி ஒட்டியிருந்தீங்க. ஸ்கூல் விட்டு வந்து கூப்பிட்டேன். உங்களுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில படுத்திருக்கீங்கன்னு சொன்னேன்.”

“நெஞ்சு வலியா?”

“பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு அந்த வாரம்தான் வந்திருந்தது. எனக்குத் தெரிஞ்ச ஒரே வியாதி அதுதான்.”

ஆர்வோ ரைலியைப் பார்த்தான். “நீ வந்தன்னிக்கு நான்...”

“கூரை மேல நின்னு பனி தள்ளிட்டிருந்த,” என்றாள் ரைலி. “எட்டு மணி நேரம் பஸ்ல உன் சவ அடக்கத்துக்கு என்ன பாட்டுன்னு யோசிச்சிட்டு வந்தேன். கேட்ல நின்னு பாக்கறேன், நீ மேல நிக்கற. ‘சூப் அடுப்புல இருக்கு’ன்ன.”

“பட்டாணி சூப்,” என்றான் ஆர்வோ.

“அம்மா என்னைத் திட்டவே இல்ல,” என்றாள் கைசா. “ஏன்னு இன்னும் தெரியல.”

“உன்னைத் திட்டற தகுதி எனக்கு இல்லைன்னு தெரிஞ்சிருந்தது.” ரைலி பக்கங்களின் ஓரங்களை நேராக்கினாள். “ஆனா தங்கணும்னு வரல. வந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை அஞ்சு மணி பஸ்ல திரும்பறதாத்தான் இருந்தேன்.”

“தெரியும்,” என்றான் ஆர்வோ. “டிக்கெட் உன் கோட் பாக்கெட்ல இருந்தது. அதனாலதான் திங்கட்கிழமை காலையில உன் பையைக் கொண்டு போய் வேன்ல வெச்சேன்.”

“ஜன்னல்லேர்ந்து பாத்தேன். என்னைப் போகச் சொல்றன்னு நினைச்சேன்.”

“நீ கேக்கறதுக்கு சிரமப்படக் கூடாதேன்னு வெச்சேன். போறேன்னு நீ சொன்னா, நானே கொண்டு விடலாம்னு.” அவன் கரிபடிந்த நகங்களைப் பார்த்துக்கொண்டு பேசினான். “சாயங்காலம் பாத்தா பை வேன்ல இல்ல. மேல கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தது. நீ மனசு மாறி எடுத்து வந்துட்டன்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் எதையும் கேக்கல. எதுக்குக் கேக்கணும்? அதுவே போதும்னு இருந்தது.”

ரைலி அவனையே பார்த்தாள்.

“நான் எடுத்து வரல,” என்றாள்.

“என்னது?”

“நாலு மணிக்குக் கோட் எடுக்க மேல போனேன். பை கட்டிலுக்குப் பக்கத்துல இருந்தது. நீதான் திரும்பக் கொண்டு வந்து வெச்சிருக்கன்னு நினைச்சேன். இருன்னு வாயால சொல்ல வராது உனக்கு, இப்படிச் சொல்றன்னு நினைச்சேன். அதனாலதான் இருந்தேன்.”

ஃபர்னஸ் கீழே ஒரு முறை உறுமி ஓட ஆரம்பித்தது. ஆர்வோ பழக்கத்தில் அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தான். பிறகு அதைக் கேட்பதையும் விட்டான். இருபத்தொரு வருடம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் பக்கம் திரும்பினார்கள்.

கைசா கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப கனம்,” என்றாள். “உள்ள முழுக்க காகிதம். படியில ரெண்டு தடவை கீழ வெச்சு எடுத்தேன்.”

ரைலி கையை வாய்மேல் வைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

பிறகு அவள்தான் பேசினாள். குரல் வகுப்பில் பேசுகிற குரலாக இருந்தது.

“கடைசி அத்தியாயத்தைத் திருப்பி எழுதணும். டொராண்டோகாரிகிட்ட ஒரு மாசம் கேளு. குடுப்பாங்க. நல்ல காரணம் சொன்னா எடிட்டருங்க குடுப்பாங்க.”

“அப்ப புத்தகம் வரலாமா?” என்று கேட்டான் ஆர்வோ.

“என் பங்குக்கு வரலாம்.”

“உன் பங்குக்குன்னா?”

ரைலி கண்ணால் வாசலைக் காட்டினாள்.

ஆர்வோ நாற்காலியில் திரும்பி உட்கார்ந்தான். மகளை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறவன் போல் பார்த்தான். போன் பக்கத்து ஸ்டூல், நடுவில் வேகாத கேக், அடிக்காத போன் எல்லாவற்றையும் பையன் என்று மாற்றி முந்நூறு பக்கம் எழுதியவன், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“கைசா,” என்றான். “போட்டுக்கலாமா? போன் பண்ணினது, பை, எல்லாம்?”

கைசா கோட்டுக்குள் ஒரு கையை விட்டாள். இன்னொரு கையையும் விட்டாள். கழுத்துவரை பொத்தான் போட்டாள்.

“வேன் சாவி குடுங்கப்பா,” என்றாள். “டியூட்டிக்கு நேரமாச்சு. திங்கட்கிழமைக்குள்ள சொல்றேன்.”